குடிக்கணக்கில் நாம் எந்த ஊர்?



"ஊர்ல எங்க அண்ணன் எல்லார் பேரையும் சேத்துச் சொல்லிருவாரு, இங்க எதுக்கு மறுபடியும்?" மக்கள் தொகைக் கணக்கெடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் மும்பையின் சால்களிலும் குடிசைச் சந்துகளிலும் முதலில் வருகிற பதில் இதுதான். திருநெல்வேலிக்காரரைக் கேட்டாலும் சேலத்துக்காரரைக் கேட்டாலும் பதில் மாறுவதில்லை. முப்பது வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்களும், இங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர்களும்கூட, கணக்கு என்று வந்தால் மனத்தால் ஊருக்கு ரயிலேறிவிடுகிறார்கள். ஊர்ப் பாசத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் இந்தப் பதில் விதிப்படி தவறு. நமக்கு நாமே தேடிக்கொள்ளும் நஷ்டமும்கூட.

1881-இல் தொடங்கி 2011 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் இந்த நாட்டில் தலைகள் எண்ணப்பட்டு வந்தன. உலகப் போர் நடந்த 1941-இல்கூட நிற்கவில்லை. 2021-இல் வரவேண்டியதுதான் கொரோனாவைக் காட்டித் தள்ளிப்போடப்பட்டு, பிறகு மேலும் மேலும் தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூன் 16 அன்று அரசிதழில் அறிவிப்பு வந்தது. 2027 மார்ச் முதல் தேதி பிறக்கும் நள்ளிரவு நேரத்தைக் குறியாக வைத்து எண்ணப்படும். பனி மூடிய மலைப் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. பதினாறு ஆண்டு இடைவெளி என்பது சாதாரணமல்ல. 2011-இல் கைக்குழந்தையாக எண்ணப்பட்டவன் இன்று பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தாண்டிவிட்டான். அரசாங்கத்தின் காகிதத்தில் அவன் இன்னும் கைக்குழந்தைதான்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதலாவது வீட்டுப் பட்டியல். இதற்கு 2026 ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் முப்பது நாள் ஒதுக்கினார்கள். கதவில் எண் போட்டு, சுவர் எதனால் ஆனது, குழாய் உள்ளேயா வெளியேயா, கக்கூஸ் தனியா பொதுவா, சமையல் எதில் என்று எழுதிக்கொள்வது இந்தக் கட்டத்தில். இரண்டாவது கட்டம் 2027 பிப்ரவரியில்; அப்போதுதான் ஆளை எண்ணுவார்கள். இம்முறை காகிதப் படிவத்துக்குப் பதில் செல்போனில் பதிவார்கள். விரும்பியவர்கள் தாங்களே பதிந்து, முடிவில் வரும் எண்ணைக் கணக்கெடுப்பாளரிடம் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். காசு எதுவும் கிடையாது. ஜெராக்ஸ் கடையில் யாராவது நூறு ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதல் கட்டத்தில் எண் விழாத வீடு இரண்டாம் கட்டத்தில் தப்பிப்போவது சுலபம். நம் பேட்டைகளில் எவை தப்பும் என்று நமக்குத்தான் தெரியும். ஏணி வைத்து ஏறும் மேல்தட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். தோல் பட்டறையிலும் தையல் பட்டறையிலும் மேஜைக்கு அடியில் படுத்துறங்கும் பையன்கள். பகல் ஷிப்டு ஐந்து பேர், இரவு ஷிப்டு ஐந்து பேர் என்று ஒரே பாயை மாற்றி மாற்றி உபயோகிக்கும் அறை. ஆசிரியை ஒருவர் பள்ளிக்கூட வேலை முடிந்து மாலையில் வந்து கதவைத் தட்டினால், அங்கே ஒரு குடும்பம் இருப்பதாகத் தோன்றுமே தவிர மூன்று குடும்பம் இருப்பதாகத் தோன்றாது. 2011 கணக்கெடுப்பு முடிந்தபின் அரசே மறுசோதனை செய்து பார்த்தது. ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள் என்று தெரிந்தது. இது நாடு முழுதுக்கும் சராசரி. ஏணி வீடுகளில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி, எந்த ஊரில் எண்ணப்பட வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். ரேஷன் கார்டு எங்கே, ஓட்டு எங்கே, பூர்வீகம் எங்கே என்பதற்கெல்லாம் இதில் இடமில்லை. கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் எங்கே வழக்கமாக வசிக்கிறோமோ அங்கே எண்ண வேண்டும் என்பதே விதி. 2011-இல் அந்த நாட்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த இருபது நாளில் ஒரே ஓர் இரவாவது தன் வீட்டில் படுத்தவர் அந்த வீட்டுக் கணக்கில் வந்தார். போனவர் அந்த நாட்களுக்குள் திரும்பி வருவார் என்றாலும் அந்த வீட்டுக் கணக்குத்தான். இருபது நாளும் முழுக்க வெளியூரிலேயே இருந்தவர் மட்டும் இருந்த இடத்தில் எண்ணப்பட்டார். ஆகவே மாசியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க நான்கு நாள் ஊருக்குப் போனாலும் நாம் மும்பைக் கணக்குத்தான். லாரி ஓட்டிப் பத்து நாள் கழித்து வருகிறவரும் அப்படியே. தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போய் மாதக்கணக்கில் தங்கிவிட்ட மகள் அந்த ஊர்க் கணக்கு. ஊரிலிருக்கும் அண்ணன் தன் வீட்டில் உறங்காத தம்பி குடும்பத்தைத் தன் படிவத்தில் சேர்க்க விதி இடம் தரவில்லை. அவர் சேர்த்து, நாமும் இங்கே சொன்னால் அது இரட்டைக் கணக்கு. அவர் சேர்ப்பார் என்று நாம் இங்கே சும்மா இருக்க, அங்கே வந்த வி.ஏ.ஓ. அலுவலகத்து ஆளோ பள்ளி ஆசிரியரோ "இங்கே இருப்பவர்களை மட்டும் சொல்லுங்கள்" என்று சரியாகக் கேட்டுவிட்டால், நாம் இரண்டு இடத்திலும் இல்லை. ஊருக்கு இப்போதே போன் போட்டு இதைச் சொல்லிவையுங்கள்.

வீடே இல்லாதவர்களுக்கு ஓர் இரவு உண்டு. 2011-இல் அது பிப்ரவரி 28. பிளாட்பாரத்தில், பாலத்துக்கு அடியில், கோயில் வாசலில் படுத்திருப்பவர்களை அந்த ஓர் இரவில் எண்ணினார்கள். ஸ்டேஷன்களில் நைட் டியூட்டி பார்க்கும் நம்மவர்களுக்கு எந்தப் பிளாட்பாரத்தின் எந்த மூலையில் யார் படுப்பார்கள் என்பது அத்துப்படி. அன்றிரவு கணக்கெடுக்க வருபவருக்கு அந்த மூலையைக் காட்டிக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

எண்ணினால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? எண்ணாமல் விட்டதால் என்ன ஆயிற்று என்று முதலில் பார்ப்போம். 2020 ஊரடங்கில் நம்மைப் போன்றவர்கள் நெடுஞ்சாலையில் நடந்து சென்றதை நாடே பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட கணக்கு வைத்திருக்கவில்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. செத்தும் கணக்கில் வரவில்லை.

அடுத்தது அரிசி. 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு மாநிலத்தில் எத்தனை பேருக்கு மலிவு தானியம் என்பதை 2011 சென்சஸை வைத்து முடிவு செய்தது. நாடு முழுதுக்கும் சுமார் 81 கோடிப் பேர். மகாராஷ்டிரத்துக்குச் சுமார் 7 கோடி. அதன்பின் பிறந்தவர்கள், வந்தவர்கள், பெருகியவர்கள் எல்லோரும் அந்தப் பழைய எண்ணுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ரேஷன் ஆபீசில் "கோட்டா முடிந்துவிட்டது" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய தாய்மார்களுக்குக் கோட்டா என்பது என்ன, எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது 2011-இல் எண்ணிய தலைகளிலிருந்து வந்தது. புதிய கணக்கில் நாம் இல்லையென்றால், அடுத்த கோட்டாவிலும் நமக்குப் பங்கு கேட்க ஆதாரமில்லை. வார்டு எல்லை, குழாய், கக்கூஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஒரு வாதத்தை மட்டும் நேராக எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. படித்த தோழர்கள் சிலர் இதைச் சொல்கிறார்கள். "குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த தமிழ்நாடு தலை எண்ணிக்கையில் பின்தங்கிவிட்டது, நாடாளுமன்ற இடங்கள் தலை எண்ணிக்கைப்படி பிரிக்கப்பட்டால் 39 தொகுதி என்ற பங்கு சுருங்கும், ஆகவே வெளியில் இருப்பவர்களும் ஊரிலேயே பெயரைக் கொடுத்துத் தமிழ்நாட்டுக் கணக்கைக் கூட்டவேண்டும்" என்கிறார்கள். அவர்களுடைய கவலையில் நியாயம் இருக்கிறது. 1976-இல் 42-ஆவது திருத்தம் மாநிலங்களின் இடங்களை 1971 கணக்கோடு நிறுத்தி வைத்ததும், 84-ஆவது திருத்தம் 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியதும் இந்தக் கவலையைக் கருதித்தான். அந்த அநியாயத்தை எதிர்த்துத் தமிழ்நாட்டின் எந்தக் கட்சி மேடை போட்டாலும் நம் ஆதரவு உண்டு. ஆனால் அந்தச் சண்டை நாடாளுமன்றத்தில் போட வேண்டிய சண்டை. அதற்குத் தாராவிக் குழாயடியில் நிற்கும் தொழிலாளியைக் காணாமல் போகச் சொல்வது என்ன நியாயம்? கூலிக்காரன் பொய்க்கணக்குச் சொல்லித்தான் ஒரு மாநிலத்தின் உரிமை நிற்க வேண்டும் என்றால், அந்த உரிமையைக் காக்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கும்.

நம் தமிழுக்கு இங்கே செய்யக்கூடிய தொண்டு வேறு ஒரு கட்டத்தில் இருக்கிறது. படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பொருள், நம்மைக் குழந்தைப் பருவத்தில் தாய் எந்த மொழியில் பேசி வளர்த்தாரோ அந்த மொழி. நமக்கு எந்த மொழி சரளம், எந்த மொழியில் படித்தோம் என்பதல்ல. கணக்கெடுப்பாளர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்பார். வாசலில் நிற்பது பெரும்பாலும் பள்ளி செல்லும் பிள்ளை. பிள்ளை அழகாக இந்தியில் பதில் சொல்லும். கேட்பவர் தாய்மொழிக்கும் இந்தி என்றே போட்டுவிட்டுப் போய்விடலாம். "மதராசி" என்று ஒரு மொழி உலகத்தில் இல்லை, அதையும் எழுதவிடாதீர்கள். தாய்மொழி தமிழ். இந்தியும் மராத்தியும் அதற்கு அடுத்த கேள்விக்கு உரியவை. தெரிந்த பிற மொழிகள் என்று 2011-இல் இரண்டு கேட்டார்கள். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ கன்னடமோ பேசும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. அவர்கள் தங்கள் மொழியையே சொல்லட்டும். தமிழைத் தெரிந்த மொழியில் சேர்க்கட்டும். மொழிக் கணக்கில் பொய் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாப் சாட்சி. அங்கே இந்தியா பஞ்சாபியா என்ற சண்டை முற்றி, 1951-இல் இந்தி, உருது, பஞ்சாபி, பகாடி நான்கையும் பிரிக்க முடியாமல் ஒரே எண்ணாகக் கூட்டிப் போட்டார்கள். ஒரு மாநிலத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதே தெரியாமல் போயிற்று.

2011 கணக்குப்படி தமிழ் பேசுவோர் நாட்டில் 6 கோடியே 90 லட்சம். இதில் கர்நாடகத்தில் சுமார் 21 லட்சம், நம் மகாராஷ்டிரத்தில் சுமார் 5 லட்சம், கேரளத்திலும் ஏறக்குறைய அதே அளவு, டெல்லியில் சுமார் 82 ஆயிரம். மகாராஷ்டிரத்தின் இந்த 5 லட்சம் உண்மையைவிடக் குறைவு என்று நம்மில் பலர் அடித்துச் சொல்கிறார்கள். அடித்துச் சொன்னால் மாநகராட்சி கேட்காது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று வகுப்புகளை மூடும்போது, அந்த வார்டில் தமிழ்க் குடும்பம் எத்தனை என்று காட்ட நம் கையில் வேறு என்ன இருக்கிறது? ஒரு வகுப்பில் 10 பிள்ளை, அல்லது பள்ளி முழுதும் 40 பிள்ளை இருந்தால் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரவேண்டும் என்று 1949-லேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் முடிவெடுத்தார்கள். அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் இதற்காகத்தான் 1956-இல் சேர்க்கப்பட்டது. ஒரு வட்டாரத்தில் 15 சதவீதம் பேர் ஒரு மொழியினர் என்றால் முக்கிய அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிட வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. இவையெல்லாம் எண்ணைக் காட்டினால் மட்டும் திறக்கும் கதவுகள்.

எண் நமக்கு எதிராகவும் பயன்படும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய விஷயம். 1966-இல் சிவசேனை தொடங்கியபோது தென்னாட்டார் பம்பாயை விழுங்கிவிட்டார்கள் என்று கூச்சல் போட்டார்கள். நகரத்தில் மராத்தி பேசுவோர் சுமார் 43 சதவீதம்தான் என்ற 1961 சென்சஸ் எண்ணையும் அதற்குத் துணைக்கு இழுத்தார்கள். ஆனால் தென்னாட்டு மொழிகள் நான்கையும் சேர்த்தாலும் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பதையும் அதே சென்சஸ்தான் சொல்லிற்று. அடி வாங்கியது நம்மவர்கள்; ஆனால் "விழுங்கிவிட்டார்கள்" என்பது பொய் என்று இன்றைக்கும் எழுத்தில் காட்ட முடிகிறதென்றால் அந்தக் கணக்கு இருப்பதால்தான்.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். ஏன் இடம் பெயர்ந்தீர்கள் என்ற கேள்விக்குப் பெண்களுக்குத் திருமணம் என்று விழும். அது உண்மைதான், இருக்கட்டும். அடுத்து வேலை என்ன என்ற கேள்வி. வீட்டு ஆண் முந்திக்கொண்டு "அவ சும்மாதான் வீட்ல இருக்கா" என்பார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து அண்டாவில் அடுக்கி அனுப்புகிற அம்மா சும்மா இருக்கிறாராம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், பீஸ் கணக்கில் பட்டன் தைக்கிறவர், அப்பளம் போடுகிறவர் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். சென்சஸ் விதிப்படி விற்பதற்காகச் செய்யும் எந்த உற்பத்தியும், கூலி கையில் வந்தாலும் வராவிட்டாலும், வேலைதான். ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செய்தால் முழுநேரத் தொழிலாளி என்றே பதிவார்கள். தாய்மார்களே, இந்தக் கேள்வி வரும்போது நீங்களே வாசலுக்கு வந்து பதில் சொல்லுங்கள். கணவர் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் மூத்த அம்மாக்களும் பயப்பட வேண்டாம். வழக்கத்தினால் கணவர் பெயரைச் சொல்லாத பெண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1948 சென்சஸ் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! வேறு யாரையாவது சொல்லச் சொன்னால் போயிற்று.

பிறந்த இடமும் முக்கியம். பேறுகாலத்துக்கு ஊருக்குப் போய்ப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த இடம் திருநெல்வேலி மாவட்டம்தான். பிறந்த பின் பெயர்ந்தது என்று அதற்குத் தனிக் காரணமே 2011 படிவத்தில் இருந்தது. 2011-இல் இப்படி இடம் பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல் என்று கணக்கு வந்தது. அந்த அட்டவணைகள் வெளியானது 2019-இல்! எட்டு ஆண்டு எங்கே உறங்கின என்று கேட்க வேண்டிய கடமையும் நமக்கு உண்டு.

2027-இல் புதிதாகச் சாதியும் எல்லோரிடமும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. முழுமையான சாதிக்கணக்கு கடைசியாக வெளிவந்தது 1931-இல். அதன்பின், விடுதலை பெற்ற நாட்டில், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மட்டும் எண்ணப்பட்டார்கள். அதுவும் எண்ணப்படும் மாநிலத்தின் பட்டியல்படி. தமிழ்நாட்டில் பட்டியலில் இருக்கும் சாதி மகாராஷ்டிரப் பட்டியலில் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் இங்கே பொதுவில் போய்க் கலந்தது. ஒரு மாநிலத்தின் தகுதியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. ஊரில் தீண்டாமையை அனுபவித்து, இங்கே வந்து அதே சாக்கடை வேலையைச் செய்து, சலுகை மட்டும் எல்லைக்கோட்டில் நின்றுவிட்ட குடும்பங்கள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. இம்முறை தெரியவரலாம். சாதிப் பெயரை மறைக்காமல், ஊரில் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள். பெயரின் எழுத்துகளைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். சாதி ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை.

கடைசியாக, பயம். 1976 ஜனவரி 4-ஆம் தேதி பம்பாய்க் குடிசைகள் ஒரே நாளில் எண்ணப்பட்டதையும், கணக்கில் வந்தவர்களுக்குப் போட்டோ பாஸ் கொடுத்ததையும், அதே ஆண்டு மே மாதம் ஜனதா காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்புக்குத் துரத்தப்பட்டதையும் பெரியவர்கள் மறக்கவில்லை. தாராவியில் 2024-இல் தொடங்கிய மறுசீரமைப்புச் சர்வேயும் பலரைக் கலங்க வைத்திருக்கிறது. அவை எல்லாம் வேறு கணக்கு. சென்சஸில் சொன்னது ரகசியம். எந்த அதிகாரியும் பார்க்கக் கேட்க முடியாது, கோர்ட்டில் சாட்சியாக வைக்க முடியாது என்று 1948 சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் வீடு பறிபோகாது. வீட்டுக்குப் பட்டாவும் கிடைக்காது. ஆதார், ரேஷன் கார்டு எதையும் காட்ட வேண்டியதில்லை. நாம் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். பதில் சொல்ல மறுத்தால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. முறைகேடான கேள்வி கேட்கும் அதிகாரிக்கும் தண்டனை உண்டு. மக்கள்தொகைப் பதிவேடு எனப்படும் என்.பி.ஆர். மட்டும் வேறு, அது குடியுரிமைச் சட்டத்தின் கீழ் 2003-இல் வந்த விதிப்படி நடப்பது. 2010-இல் இரண்டையும் ஒன்றாக எடுத்ததால்தான் குழப்பம். வருகிறவரிடம் "இது ஜனகணனாவா, வேறு எதுவுமா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள், கேட்பது நம் உரிமை.

தமிழர் அடர்ந்த வட்டாரங்களுக்குத் தமிழ் தெரிந்த ஆசிரியர்களைக் கணக்கெடுப்புக்கு அனுப்ப வேண்டும், பட்டறைகளுக்கு இரவிலும் வரவேண்டும் என்று மாநகராட்சிக்கும் மாநிலக் கணக்கெடுப்பு இயக்ககத்துக்கும் நாம் மனு கொடுக்கிறோம். மனுவோடு ஒரு பட்டியலும் இணைக்க வேண்டும். உங்கள் சந்தில் கதவெண் விழாத வீடு, எண் விழாத மேல்தட்டு, ஆள் தங்கும் பட்டறை எதுவாயினும், இடத்தையும் அங்கே உறங்குவோர் எத்தனை பேர் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி, உங்கள் பகுதிச் செயலாளரிடம் இந்த மாதத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.